ஜான் பீல் (1939–2004): புதியவர்களின் அறிவிப்பாளர்

1967 செப்டம்பரில் பிபிசி ரேடியோ 1 தொடங்கியபோது சேர்ந்த அறிவிப்பாளர்களில், 2004இல் இறக்கும்வரை அங்கேயே நீடித்தவர் இவர் ஒருவரே. லிவர்பூல் அருகே ஹெஸ்வாலில் பிறந்தவர். இயற்பெயர் ஜான் ரேவன்ஸ்கிராஃப்ட். அமெரிக்க வானொலிகளில் பழகி, கடலில் நின்ற கப்பலிலிருந்து உரிமமின்றி ஒலிபரப்பான ‘ரேடியோ லண்டன்’ வழியாக பிபிசிக்கு வந்தார்.

அந்நாளில் வானொலியில் இசைத்தட்டு ஒலிக்க நேர வரம்பு உண்டு. எஞ்சிய நேரத்துக்கு இசைக்குழுக்களை ஸ்டூடியோவுக்கு அழைத்துப் பதிவுசெய்ய வேண்டும். பலருக்குச் சுமையாகத் தெரிந்த இந்த விதியைப் பீலும் அவருடைய தயாரிப்பாளர் ஜான் வால்டர்ஸும் பொக்கிஷமாக்கினார்கள். லண்டன் மைதா வேல் ஸ்டூடியோவில் ஒரே நாளில், பெரும்பாலும் நான்கு பாடல்கள்: அதுதான் ‘பீல் செஷன்’. 2,000க்கும் மேற்பட்ட கலைஞர்கள், 4,000க்கும் மேற்பட்ட பதிவுகள். ‘தி ஃபால்’ குழு மட்டும் 24 முறை வந்தது. ஜாய் டிவிஷன், பி.ஜே. ஹார்வி போன்றோர் பெரும்புகழ் பெறுமுன்பே இங்கே ஒலித்தார்கள்.

தபாலில் வரும் முகம் தெரியாதவர்களின் ஒலிநாடாக்களையும் அவர் பொறுமையாகக் கேட்டார். பங்க், ரெகே, ஹிப்-ஹாப், ஜிம்பாப்வேயின் ‘பூண்டு பாய்ஸ்’ குழுவின் பாடல்கள் எல்லாம் ஒரே இரவில் அடுத்தடுத்து வரும்.

1978இல் வட அயர்லாந்தின் டெர்ரி நகர இளைஞர்களான ‘தி அண்டர்டோன்ஸ்’ பாடிய ‘டீனேஜ் கிக்ஸ்’ பாடலை ஒரே நிகழ்ச்சியில் அடுத்தடுத்து இருமுறை ஒலிக்கவிட்டார். அந்த ஒலிபரப்பைக் கேட்ட ‘சைர்’ இசைத்தட்டு நிறுவனத்தின் சீமோர் ஸ்டீன் அவர்களை ஒப்பந்தம் செய்துகொண்டார்.

பெருவின் குஸ்கோ நகரில் விடுமுறையில் இருந்தபோது 2004 அக்டோபர் 25 அன்று பீல் காலமானார். 2012இல் பிபிசி தன் லண்டன் தலைமையகத்தின் ஒரு பகுதிக்கு அவர் பெயரைச் சூட்டியது.