ஊரார் கைகூடினால் ஊர்க்காடு மீளும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மேட்டு நிலத்திலிருந்து ஓடிவரும் நீர் சிவந்த நிறத்தில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்நீரோடு போவது நம் நிலத்தின் மேல்மண். அது போய்ச் சேரும் ஏரி தூர்ந்துவிடுகிறது. மேட்டுக் கிணறுகளிலும் நீர் இறங்குகிறது. இந்த இழப்பைத் தடுக்க ஊரார் சேர்ந்து செய்யக்கூடிய பணியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் கடற்கரையின் காடு

சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிய மேட்டு நிலங்களுக்குரிய இயற்கைக் காடு 'வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு' எனப்படும். வீரை, காசா, உலக்கைப்பாலை, குருந்து, கருங்காலி முதலியவை இக்காட்டின் மரங்கள். இவற்றுள் பலவற்றின் இலைகள் தடித்தவை. ஆதலால் கோடையிலும் பசுமை மாறுவதில்லை. அடியில் காரை, களா போன்ற முட்புதர்கள் நெருங்கி வளர்வதால் மழைத்துளி நேரே மண்ணில் மோதாது. நீர் மெல்ல நிலத்தில் இறங்கும்.

விறகுக்கும் சாகுபடிக்குமாக அழிக்கப்பட்ட இக்காடு இன்று சிறு சிறு துண்டுகளாகவே எஞ்சியுள்ளது. அவற்றுள் பல, ஐயனார் கோயில் காடுகள். புதுச்சேரிக்கு வடக்கே உள்ள புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு இதற்குச் சான்று. இம்மரங்களின் விதை கடைகளில் எளிதில் கிடைப்பதன்று. கோயில் காடு அழிந்தால் விதையும் அதனோடு போய்விடும்.

ஆரோவில் தந்த பாடம்

விழுப்புரம் மாவட்டத்தில் 1968-ஆம் ஆண்டு ஆரோவில் தொடங்கப்பட்டபோது அந்த இடம் மரமற்ற செம்மண் மேடாக இருந்தது. மழைநீர் ஆழமான ஓடைகளை அறுத்திருந்தது. அங்கே முதலில் நிலத்தைச் சுற்றி வரப்புகளும், ஓடைகளின் குறுக்கே சிறு தடுப்பணைகளும் அமைக்கப்பட்டன. நீர் நின்ற பின்னரே மரங்கள் நிலைத்தன.

நிழலுக்காகவும் இலைச்சருகுக்காகவும் விரைந்து வளரும் கத்திச்சவுக்கு நடப்பட்டது. அதன் நிழலில் நாட்டு மரங்கள் பின்னர் வளர்க்கப்பட்டன. கத்திச்சவுக்கு ஆழமாக வேர்விடுவதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயலில் அம்மரங்கள் பெருமளவில் சாய்ந்தன. ஆகவே, விரைந்து வளரும் அயல்மரம் தொடக்கத்தில் உதவலாமே ஒழிய, அதுவே காடு ஆகிவிடாது என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடமாகும்.

ஆரோவில்லில் 1973-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிச்சாண்டிக்குளம் காடு, லாப நோக்கமின்றி நாட்டுத் தாவரங்களை மீட்கும் அமைப்பு. மரக்காணம் அருகேயுள்ள நடுக்குப்பம் போன்ற கிராமங்களிலும் அது பணியாற்றி வருகிறது. பள்ளிப் பிள்ளைகள் தம் ஊர்ச் செடிகளை இனங்காணக் கற்கிறார்கள். மூலிகைகளைப் பற்றிப் பெரியவர்கள் அறிந்தவையும் பயன்படுத்தப்படுகின்றன. இப்பகுதியின் மழைநீர் சேரும் கழுவெளி ஏரி 2021-ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மேட்டில் மண் நின்றால்தான் பள்ளத்தில் ஏரி தூராது என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

உங்கள் ஊரில் செய்யும் முறை

1. இடம்: கோயில் காட்டின் ஓரம், ஏரியின் நீர்வரத்துப் பகுதி, வயலோரம் ஆகியவை ஏற்றவை. புறம்போக்காயின் ஊராட்சியின் இசைவைப் பெறவேண்டும். சீமைக்கருவேல் இருப்பின், ஒரே முறையில் எல்லாவற்றையும் அகற்றி மண்ணை வெறுமையாக்காமல், பகுதி பகுதியாக வேருடன் அகற்றுதல் நலம்.

2. விதை: கோயில் பெரியவர்களின் இசைவுடன் பழுத்து உதிர்ந்த பழங்களைச் சேகரிக்கவும். சதையை நீக்கிக் கழுவி, நிழலில் உலர்த்தி, உடனே விதைக்கவும். நாவல் போன்றவற்றின் விதைகள் சில வாரங்களிலேயே முளைப்புத்திறனை இழந்துவிடும்.

3. நாற்று: செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்து பைகளில் நிரப்பவும். இம்மரங்கள் மெல்ல வளர்பவை. ஓராண்டு நாற்றுகளை நடுவதே சிறந்தது.

4. நடவு: ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழமுள்ள குழிகளை மழைக்கு முன்பே எடுத்து வைக்கவும். பருவமழை தொடங்கியதும் நடவும். சரிவான நிலத்தில் குழியின் கீழ்ப்புறம் பிறை வடிவில் வரப்பு அமைத்தால் நீர் தேங்கி இறங்கும். பல வகை மரங்களையும் கலந்து நடவேண்டும். திறந்த வெயிலில் வேம்பு, புங்கு ஆகியவற்றை முதலில் நட்டு, அவற்றின் நிழலில் மற்றவற்றை நடலாம். செடியைச் சுற்றிச் சருகு மூடாக்கு இடவும்.

5. காவல்: முதல் மூன்று ஆண்டுகள் ஆடுமாடுகளிடமிருந்து காத்தல் இன்றியமையாதது. இதற்குக் கம்பி வேலி தேவையில்லை. களா, காரை, சங்கஞ்செடி ஆகியவற்றை நெருக்கமாக நட்டால் உயிர்வேலியாகும். வேலி வளரும்வரை முட்களை வெட்டிப் போட்டு அடைக்கலாம்.

மேய்ச்சலுக்கு வேறு இடம் ஒதுக்காமல் ஓர் இடத்தை அடைத்தால் ஆடு வளர்ப்போருக்கு இழப்பு ஏற்படும், வேலியும் நிலைக்காது. ஆகவே நடுவதற்கு முன்பே அவர்களையும் அழைத்துப் பேசி, எவ்விடத்தை எத்தனை ஆண்டுகள் அடைப்பது என்று முடிவுசெய்யுங்கள். ஊரார் தாமே முடிவெடுத்து நட்ட மரத்திற்கு ஊரே காவல்.

வரும் ஆடி மாதத்திற்குள் உங்கள் ஊர்க் கோயில் காட்டில் எஞ்சியுள்ள மரங்களைக் கணக்கெடுங்கள். அவற்றின் பெயர்களை அறிந்த முதியவர்கள் இருக்கும்போதே கேட்டுக் குறித்துவையுங்கள். காட்டை மீட்கும் பணி அங்கிருந்தே தொடங்கட்டும்.