ஐம்பது வயதில் கடைசல் இயந்திரம்

பால்மரம் சீவும் தொழிலாளி ஒவ்வொரு முறையும் மரப்பட்டையிலிருந்து எடுக்கும் சீவலின் கனம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர்தான். கத்தியின் முனை, பட்டைக்குள் இருக்கும் வளர்படலத்திற்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இருக்கும்போதே நின்றுவிட வேண்டும். தொட்டுவிட்டால் மரத்திற்குக் காயம். எட்டி நின்றால் பால் குறையும். அளவுகோல் எதுவுமின்றி, விடியற்காலை அரையிருளில், நாளொன்றுக்குப் பல நூறு மரங்களில் இவ்வேலையைச் செய்து வருகிறவர்கள் நம் தோட்டத் தொழிலாளர்கள். ‘எங்களுக்கு வேறு தொழில் தெரியாது’ என்று அவர்களே சொல்லிக்கொள்வதைக் கேட்கும்போது வியப்பாக இருக்கிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் வீட்டுமனைகளாக மாறியது புதிய செய்தியன்று. பெட்டாலிங் ஜெயா நகரம் 1950களின் தொடக்கத்தில் எஃபிங்காம் தோட்டத்து நிலத்தில் எழுந்தது. ஷா ஆலாம் இருக்கும் இடமும் முன்னர் சுங்கை ரெங்கம் தோட்டமாக இருந்ததே. தோட்டம் கைமாறும்போது இளைஞர்கள் எப்படியோ பிழைத்துக்கொள்கிறார்கள். நாற்பத்தைந்து, ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் காவலாளி வேலையும் துப்புரவு வேலையும் மட்டுமே வழி என்று பலரும் எண்ணிவிடுகின்றனர். அத்தகையோர் வீட்டிலிருந்தே பழகத் தொடங்கக்கூடிய கைத்தொழில் ஒன்றை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. அது இரும்பு கடையும் தொழில்.

இத்தொழில் நம்மவர்க்குப் புதிதன்று. கோலாலம்பூரையும் கிள்ளானையும் நோக்கிய இரயில் பாதை 1886-இல் திறக்கப்பட்டது. பின்னர் செந்தூலில் இரயில்வேயின் தலைமைப் பட்டறை அமைந்தது. பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் இரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த தமிழர் பலர் அங்கே அச்சும் சக்கரமும் செப்பனிட்டு வாழ்ந்தனர். இரண்டாம் உலகப் போரின்போது, 1945-இல், நேசநாட்டு விமானங்கள் குண்டு வீசுவதற்குத் தேர்ந்தெடுத்த இலக்குகளில் அப்பட்டறையும் ஒன்று. அதன் முக்கியத்துவத்திற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

கடைசல் இயந்திரத்தைப் பட்டறைகளில் ‘லேத்’ என்பர். மலாய் மொழியில் ‘மெசின் லாரிக்’. இதன் தத்துவம் எளிது. மரம் சீவும்போது மரம் நிற்க, கத்தி நகர்கிறது. இங்கே இரும்புத் துண்டு சுழல, கத்தி மெதுவாக அதனை அணுகிச் சீவுகிறது. இடப்புறத்தில் உள்ள தலைப்பகுதியில் மின்விசை சுழற்றும் தண்டும், துண்டைக் கவ்விப் பிடிக்கும் மூன்று தாடைப் பிடிப்பானும் உள்ளன. பிடிப்பானைப் பட்டறையில் ‘சக்’ என்பார்கள். வலப்புறத்து வால்பகுதி நீண்ட துண்டுகளின் மறுமுனையைத் தாங்கும். இரண்டுக்கும் இடையில், படுகையின் மீது, கத்தியைத் தாங்கிய வண்டி நகரும்.

வீட்டில் வைத்துப் பழகுவதற்குரிய சிறு இயந்திரங்கள் இப்போது கிடைக்கின்றன. ஏறத்தாழ நாற்பது கிலோ எடையுள்ள இவை ஓர் உறுதியான மேசை மீது அமர்ந்து, வீட்டு மின்சாரத்திலேயே இயங்கும். ஆனால் விலை சில ஆயிரம் வெள்ளி. கத்தி, அளவுமானி முதலியவற்றுக்குத் தனிச் செலவு. ஆகவே 55 வயதில் கைக்கு வரும் ஊழியர் சேமநிதிப் பணத்தைக் கொண்டு முதல் வேலையாக இதனை வாங்கிவிடலாகாது. முதலில் தெரிந்த பட்டறை ஒன்றில் சில வாரங்கள் உடனிருந்து பாருங்கள். மனம் பற்றினால், இரண்டு மூன்று பேர் பங்கு சேர்ந்து பழைய இயந்திரம் ஒன்றை வாங்குவது மேலானது. பழையதை வாங்கும்போது சக்கைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் உருளைத் தாங்கிகள் தேய்ந்திருக்கக்கூடும். விலையைப் பேசுவதற்கு முன் விவரம் தெரிந்தவரை அழைத்துக் காட்டுவது நல்லது.

இனி, பயிற்சி. முதல் நாள் இரும்பைத் தொட வேண்டாம். கத்தி தீட்டுவதையே பழகுங்கள். மரம் சீவும் கத்தியைத் தீட்டியவர்க்கு இதில் பாதி வேலை முன்பே கைவந்தது. முனைக்குக் கீழே சிறிது சரிவு இல்லாவிட்டால் கத்தி வெட்டாது, உரசும், உரசினால் சூடேறும். கத்தியின் முனை, சுழலும் துண்டின் நடுமையத்திற்குச் சரியான உயரத்தில் இருத்தல் வேண்டும். இதனைச் சோதிக்க எளிய வழி உண்டு. துண்டின் முகப்பைச் சீவிப் பாருங்கள். நடுவில் சிறு குமிழ் எஞ்சினால் உயரம் தவறு.

அடுத்தது வேகம். மென்னெஃகைச் சாதாரண அதிவேக எஃகுக் கத்தியால் நிமிடத்திற்கு 25 மீட்டர் வேகத்தில் சீவலாம். அந்த 25-ஐ 320-ஆல் பெருக்கி, துண்டின் விட்டத்தால் வகுத்தால் நிமிடத்திற்கு எத்தனை சுற்று என்பது கிடைக்கும். 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள துண்டிற்கு 320 சுற்று. 50 மில்லிமீட்டர் என்றால் 160 சுற்று. பருத்த துண்டு மெதுவாகச் சுழல வேண்டும் என்பது தொடக்கத்தில் விந்தையாகத் தோன்றும். அதன் விளிம்பு ஒரு சுற்றில் கடக்கும் தூரம் அதிகம் என்பதே காரணம்.

புதியவர் எல்லாரும் ஒரு முறையேனும் செய்யும் தவறு ஒன்று உண்டு. துண்டின் விட்டம் 20.4 மில்லிமீட்டர் இருக்கிறது; 20 ஆக்க வேண்டும். எனவே கைச்சக்கரத்தை 0.4 திருப்புகிறார். சீவி முடித்து அளந்தால் 19.6! கத்தி ஒரு பக்கத்தில்தான் உள்ளே போகிறது. ஆனால் துண்டு சுழல்வதால் இரு பக்கமும் குறைகிறது. திருப்ப வேண்டியது 0.2 மட்டுமே. சில இயந்திரங்களிலோ சக்கரத்தின் கோடுகள் விட்டத்தைக் கணக்கிட்டே பொறிக்கப்பட்டிருக்கும். ஆகவே புதிய இயந்திரம் எதில் நின்றாலும், கழிவுத் துண்டு ஒன்றில் சீவி அளந்து பார்த்த பின்னரே வேலையில் கை வைக்க வேண்டும். பட்டையைச் சற்று அதிகமாகச் சீவினால் சில ஆண்டுகளில் மரமே அதனை ஆற்றிக்கொள்ளும். இரும்புக்கு அந்தக் கருணை கிடையாது.

நாற்பது வயதுக்கு மேல் கிட்டப் பார்வை மங்குவது இயல்பு. நூறில் ஒரு மில்லிமீட்டரைக் காட்டும் அளவுமானியின் கோடுகள் தெரியாமல் போனால், ‘எனக்கு வராது’ என்று சோர்ந்துவிடுகிறார்கள். வராதது தொழிலன்று, தேவை ஒரு படிக்கும் கண்ணாடி, மேசையருகே நல்ல விளக்கு ஒன்று. அதன் மேல் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம் அணிதல் வேண்டும்.

விபத்தைப் பற்றிச் சற்றுக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டில்தானே என்று கைலியுடன் இயந்திரத்தின் முன் நிற்கக் கூடாது. நீண்ட சட்டைக் கை, கழுத்துத் துண்டு, கைக்கடிகாரம், மோதிரம் எதுவும் ஆகாது. தோட்டங்களில் பால் சீவுவோரில் பெண்கள் பலர்; இத்தொழிலை அவர்களும் தாராளமாகப் பழகலாம். கூந்தலை முடிந்து மறைத்து, சங்கிலியையும் வளையலையும் கழற்றி வைத்துவிட வேண்டும். கையுறை பாதுகாப்பு என்று எண்ணுவது பெரும்பிழை. சுழலும் துண்டு கையுறையைப் பற்றினால் கையையும் சேர்த்தே இழுத்துவிடும். சக்கைத் திறக்கும் சாவியை அதிலேயே விட்டு விசையைப் போடுவது உயிருக்கே ஆபத்து. சாவியிலிருந்து கையை எடுக்கும் முன் சாவியையும் எடுத்துவிடும் பழக்கம் முதல் நாளிலிருந்தே வர வேண்டும். சுருள் சுருளாக வரும் இரும்புச் சீவலை விரலால் தொடாதீர்கள். இயந்திரத்தை நிறுத்தி, தூரிகையால் தள்ளுங்கள்.

மூன்று நான்கு மாதப் பயிற்சியில் தள்ளுவண்டிச் சக்கரத்திற்கு ஒரு புஷ், ஓர் அச்சு, ஒரு மரையாணி ஆகியவற்றை அளவு பிசகாமல் செய்ய முடியும். மோட்டார் சைக்கிளின் நிறுத்தி, திருப்பி ஆகியவற்றுக்குரிய பாகங்களை மட்டும் புதியவர் செய்து தரலாகாது. பெரிய ஆலைகளில் இன்று கணினி இயக்கும் கடைசல் இயந்திரங்களே மிகுதி. ஆயினும் பழுது பார்க்கும் சிறு பட்டறையில் தேய்ந்த ஒற்றைப் பாகத்தைப் பார்த்து, அதேபோல் இன்னொன்று செய்யக் கைவேலைக்காரரே தேவைப்படுகிறார். வேலை தேடுவோர் குறி வைக்க வேண்டியது அத்தகைய இடங்களையே.

பழகும் காலத்தில் குடும்பம் எப்படி உண்பது என்ற கேள்வி நியாயமானது. 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வேலைக் காப்புறுதித் திட்டம் சொக்சோவின் பொறுப்பில் உள்ளது. சந்தா செலுத்தி வந்தவர் வேலை இழந்தால், நிபந்தனைகளுக்குட்பட்டு, வேலை தேடும் காலத்திற்கு உதவித்தொகை பெறலாம். பயிற்சிக்கும் உதவி உண்டு. வேலை இழந்த 60 நாள்களுக்குள் விண்ணப்பித்தல் வேண்டும். தாமாக வேலையை விட்டவர்க்கு இது கிடையாது. ஆகவே தோட்டம் மூடப்படும்போது ‘நானே விலகுகிறேன்’ என்ற கடிதத்தில் யார் சொன்னாலும் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். ஒரு வரியால் சில மாத உதவி கைநழுவிப் போகும்.

சான்றிதழுக்கும் வழி இருக்கிறது. திறன் மேம்பாட்டுத் துறை வழங்கும் மலேசியத் திறன் சான்றிதழை வகுப்பில் அமர்ந்து படித்துத்தான் பெற வேண்டும் என்பதில்லை. பட்டறையில் பெற்ற அனுபவத்தைச் சான்றுகளுடன் தொகுத்துக் காட்டி, மதிப்பீட்டின் வழியாகவும் பெறலாம். மலாய் மொழியில் இதனைச் சுருக்கமாக ‘பி.பி.தி.’ என்கிறார்கள். எனவே முதல் நாளிலிருந்தே ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். செய்த பாகத்தின் படம், வரைபடம், வேண்டிய அளவு, கிடைத்த அளவு, தேதி அனைத்தையும் எழுதி, பட்டறை முதலாளியிடம் கையெழுத்தும் பெறுங்கள்.

நேர்முகத்திற்குச் செல்லும்போது அந்தக் குறிப்பேட்டையும், தாமே கடைந்த புஷ் ஒன்றையும் அதற்குப் பொருந்தும் அச்சையும் சட்டைப் பையில் எடுத்துச் செல்லலாம். பட்டறைக்காரர் வயதைக் கேட்பதற்கு முன்னரே அச்சைப் புஷ்ஷுக்குள் செலுத்திப் பார்ப்பார்.