ஒரே குரலில் பேசிய கணிப்பொறி

சேலம், நாமக்கல் சமவெளியில் பிறந்து வளர்ந்த நமக்குச் சில ஓசைகள் தாலாட்டுப் போன்றவை. தெருவெங்கும் கேட்கும் விசைத்தறியின் ஓசை, நெடுஞ்சாலையில் பறக்கும் நாமக்கல் லாரியின் காற்று ஹாரன், மாதா கோயிலில் ஒலிக்கும் திரிகால செப மணி ஆகிய மூன்றையும் நாம் கண்ணை மூடிக்கொண்டே அடையாளம் சொல்லி விடுவோம். இவற்றைக் கணிப்பொறியால் எழுப்ப முடியுமா?

"கைப்பேசியில் பதிந்து ஒலிக்கச் செய்தால் போயிற்று" என்று நீங்கள் கூறலாம். ஆனால் முதன் முதலில் வந்த சிறு கணிப்பொறிகளில் அது இயலாத காரியம். 1981ஆம் ஆண்டு வெளிவந்த ஐ.பி.எம். பெர்சனல் கம்ப்யூட்டர், மிகக் குறைந்த அளவாக 16 கிலோபைட் நினைவகத்துடன் விற்கப்பட்டது. தொலைபேசிக் குரலைப் போன்ற தரத்தில் ஓசையைப் பதிய வினாடிக்கு 8,000 பைட் தேவை. அப்படியானால் நினைவகம் முழுவதையும் கொடுத்தாலும் இரண்டு வினாடிதான் பதியலாம்! ஆகவே அக்காலத்தவர் ஓசையைப் பதியவில்லை. கணக்குப் போட்டு உருவாக்கினார்கள். அந்தக் கணக்கை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரண்டே நிலைகள்

அக்கணிப்பொறியின் உள்ளே இரண்டேகால் அங்குல அகலத்தில் ஒரு சிறு ஸ்பீக்கர் இருந்தது. அதற்குத் தெரிந்தவை இரண்டே நிலைகள். மின்சாரம் வந்தால் அதன் தாள் முன்னே வரும். நின்றால் பின்னே போகும். ஒரு முறை அசைந்தால் 'டிக்' என்று கேட்கும். அதுவே வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை முன்னும் பின்னும் அசைந்தால் நம் காதுக்குத் தொடர்ந்த ஒரு சுருதியாகக் கேட்கும். இவ்வாறு வினாடிக்கு எத்தனை அதிர்வு என்பதையே அதிர்வெண் என்று இயற்பியலில் படிக்கிறோம்.

1977இல் வந்த ஆப்பிள் டூ கணிப்பொறியில் இந்த அசைவை நிரல் எழுதுபவரே உண்டாக்க வேண்டும். நினைவகத்தில் 49200 என்ற முகவரியைத் தொட்டால் ஸ்பீக்கர் ஒரு முறை நிலை மாறும். 440 அதிர்வு வேண்டுமானால் வினாடிக்கு 880 முறை தொட வேண்டும். அதுவரை கணிப்பொறி வேறு வேலை எதையும் பார்க்க இயலாது. ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே மாவரைக்க முயல்வது போன்ற கஷ்டம் அது.

ஐ.பி.எம். கணிப்பொறியில் இப்பொறுப்பு 8253 என்னும் கடிகாரச் சில்லிடம் ஒப்படைக்கப்பட்டது. அச்சில்லுக்கு வினாடிக்கு 11,93,182 துடிப்புகள் வந்துகொண்டே இருக்கும். இதை நமக்கு வேண்டிய அதிர்வெண்ணால் வகுத்து, வரும் ஈவைச் சில்லிடம் கொடுத்துவிட வேண்டும். 440க்கு ஈவு ஏறத்தாழ 2,712. அத்தனை துடிப்புக்கு ஓர் அதிர்வு என்று சில்லு தானே எண்ணிக்கொண்டிருக்கும். கணிப்பொறி தன் மற்ற வேலைகளைப் பார்க்கலாம்.

எண்களில் ஏழு சுரம்

பேசிக் மொழியில் இது இன்னும் எளிது. 'சவுண்ட்' என்ற கட்டளைக்குப் பின் இரண்டு எண்கள் எழுத வேண்டும். முதல் எண் அதிர்வெண். இரண்டாவது எண் எவ்வளவு நேரம் என்பது. நேரத்தை வினாடிக்கு 18.2 என்ற கணக்கில் அளப்பார்கள். ஆகவே 9 என்று எழுதினால் ஏறத்தாழ அரை வினாடி. ச முதல் மேல் ச வரை 240, 270, 300, 320, 360, 400, 450, 480 என்று வரிசையாகக் கொடுத்துப் பாருங்கள். சங்கராபரணத்தின் ஆரோகணம் ஒலிக்கும்! மேல் ச கீழ் சவுக்கு இரு மடங்கு என்பதும், ப ஒன்றரை மடங்கு என்பதும் இந்த எண்களிலேயே விளங்குகின்றன அன்றோ?

ஓசை செய்யும் தந்திரங்கள்

சுரம் வந்துவிட்டது; மற்ற ஓசைகள் எப்படி வரும்? அதிர்வெண்ணை 2,000இலிருந்து 200 வரை படிப்படியாக, ஒவ்வொன்றையும் மிகச் சிறு நேரம் ஒலித்து இறக்கினால் மேலிருந்து ஏதோ விழும் சீழ்க்கை கேட்கும். ஏற்றி இறக்கி, மீண்டும் ஏற்றினால் தீயணைப்பு வண்டியின் சங்கு ஆகும்.

லாரி ஹாரன் சற்றுக் கடினம். அதில் பல குழல்கள் ஒரே நேரத்தில் ஊதுகின்றன. நம் ஸ்பீக்கருக்கோ ஒரே குரல். இதற்கு ஒரு தந்திரம் உண்டு. 240, 300, 360 என்ற மூன்றையும் மாறி மாறி விரைவாக ஒலித்தால் காது அவற்றைக் கூட்டி ஒன்றாக எடுத்துக்கொள்கிறது. லாரி நம்மைக் கடந்து செல்வதையும் காட்டலாம். நெருங்கும் வண்டியின் ஹாரன் சுருதி கூடியும், விலகும் வண்டியின் ஹாரன் குறைந்தும் கேட்பதை டாப்ளர் விளைவு என்பர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரியின் 400 அதிர்வு, நெருங்கும்போது ஏறத்தாழ 420 ஆகவும், கடந்தபின் 380 ஆகவும் நமக்குக் கேட்கும். இந்த எண்களை எழுதினாலே திரையில் லாரி ஓடாவிட்டாலும் மனக்கண்ணில் ஓடும்.

தறியும் மணியும்

பழைய கணிப்பொறியைப் போல நடிக்கும் 'டாஸ்பாக்ஸ்' என்னும் நிரல் இன்று இலவசமாகவே கிடைக்கிறது. அதில் பழைய பேசிக்கை இயக்கி, பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக நானும் முயன்று பார்த்தேன். முதலில் தறி. என் தந்தை வேலை செய்யும் தறியில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 முறை நாடா ஓடும். அதாவது வினாடிக்கு இரண்டு அடி. ஓர் அடிக்கு 9 அளவு நேரம். அதில் 2 அளவு நேரம் தாறுமாறான எண்களைக் கொடுத்துக் கரகரப்பை உண்டாக்கி, மீதி 7 அளவு நேரம் காதுக்கு எட்டாத 32767 என்ற எண்ணைக் கொடுத்து மௌனமாக்கினேன். எனக்கு அது தறியாகவே தோன்றியது.

தந்தை கேட்டுவிட்டு, "இது தறி இல்லையம்மா, சுத்தியல். நாடா இந்தப் பக்கம் வந்து சேர்ற சத்தம் வேற, அந்தப் பக்கம் போய்ச் சேர்ற சத்தம் வேற. அதைக் கேட்டுத்தானே தறி சரியா ஓடுதான்னு நாங்க கண்டுபிடிக்கிறோம்" என்றார். பதினைந்து ஆண்டுகள் அந்த ஓசையிலேயே வளர்ந்தும் நான் அதைக் கேட்டதே இல்லை என்று அன்றுதான் உணர்ந்தேன். ஓர் அடியைத் தாழ்ந்த எண்களாலும் மறு அடியை உயர்ந்த எண்களாலும் மாற்றி எழுதினேன். தந்தை சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பே எனக்குப் பரிசு.

ஆனால் மணியில் தோற்றேன். எத்தனை எண்களை மாற்றியும் அழைப்பு மணியின் 'பீப்' மட்டுமே வந்தது. எங்கள் சிஸ்டர், "எண்களை விட்டுவிட்டு முதலில் மணியைக் கேள்" என்றார்கள். மறுநாள் செப மணியின் கீழ் நின்று கேட்டேன். ஓங்கித் தொடங்கும் ஓசை மெல்ல மெல்லத் தேய்கிறது. அதற்குள் பல சுருதிகள் ஒன்றாக ஒலிக்கின்றன. தேய்வதற்கு ஒலியின் அளவைக் குறைக்க வேண்டும். நம் ஸ்பீக்கருக்கோ உண்டு, இல்லை என்ற இரண்டே நிலை. 'மெதுவாக' என்பதே அதற்கு இல்லை. தோல்விக்குக் காரணம் விளங்கியது.

இந்தியப் பள்ளிகளில்

அக்காலத்திலேயே மணி ஓசையை எழுப்ப வல்ல கணிப்பொறி ஒன்று நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்திருந்தது. 1984-85இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற கணிப்பொறிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கி, முதற்கட்டமாக 250 பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ கணிப்பொறிகளை வழங்கியது. இங்கிலாந்தின் ஏக்கான் நிறுவனம் வடிவமைத்த அதில் ஒலிக்கென்றே தனிச் சில்லு இருந்தது. மூன்று சுருதிகளை ஒரே நேரத்தில் எழுப்பலாம். நான்காவதாக இரைச்சலுக்கென்று ஒரு வழியும் உண்டு. 'என்வெலப்' என்ற கட்டளைக்கு 14 எண்கள் கொடுத்தால் ஓசை எப்படி எழ வேண்டும், எப்படித் தேய வேண்டும் என்பதை வகுக்கலாம். பதினான்கு எண்களோடு போராடிய அந்நாளைய மாணவ மாணவியரை எண்ணிப் பார்க்கிறேன்.

1989இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 'சவுண்ட் பிளாஸ்டர்' அட்டையை வெளியிட்டது. பதிந்த குரலும் இசையும் அதன் வழியே எளிதாக ஒலித்தன. சிறு ஸ்பீக்கரின் காலம் மெல்ல முடிந்தது. ஆயினும் அதற்கு ஒரு பெருமை உண்டு. ஐ.பி.எம். கணிப்பொறியை இயக்கியதும் உறுப்புகள் நலமாக இருந்தால் ஒரு குறுகிய 'பீப்' ஒலிக்கும். திரை பழுதாகி இருண்டு கிடந்தாலும் உள்ளே நடப்பதை அறிவிக்க மிஞ்சியிருந்தது அந்த எளிய குரலே.

ஆலயத்தில் ஏழைக் கைம்பெண் இட்ட இரண்டு காசுகளை ஆண்டவர் பாராட்டியதை மறைக்கல்வி வகுப்பில் கற்றிருக்கிறோம். இரண்டே நிலைகள் கொண்ட அந்த ஸ்பீக்கரிடம் இருந்ததும் அவ்வளவுதான். அதை வைத்து ஓசை செய்தவர்கள், அதற்கு முன் உலகின் ஓசைகளைக் கூர்ந்து கேட்டவர்கள். கருவி சிறிதென்று நாம் வருந்த வேண்டாம். இறைவன் தந்த செவியைத் திறந்து, அருகில் ஒலிப்பதை முதலில் கேட்கக் கற்போமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி