மூச்சுக்கும் முத்துக்கும் ஒரே நொதி

கல்லின் பாரத்தோடு முத்துப்பாரில் முத்துக்குளிக்க இறங்கியவர் மூச்சை அடக்கினாலும், உடம்பில் கரியமிலவாயு உருவாகிக்கொண்டேதான் இருக்கும். அதில் பெரும்பகுதியைப் பைகார்பனேட்டாக மாற்றி இரத்தத்தில் கரையவைப்பது, சிவப்பணுக்களில் உள்ள கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி. அதன் ஒரு மூலக்கூறு நொடிக்குச் சுமார் 10 லட்சம் முறை இதைச் செய்யும்.

அந்த வேகத்தின் ரகசியம் நொதியின் வடிவத்தில் இருக்கிறது. சுமார் 260 அமினோ அமிலங்களாலான இழை மடிந்து சுருண்டு உருண்டையாகிறது. அதில் புனல் போல ஒரு குழி. குழியின் அடியில் மூன்று ஹிஸ்டிடின்களின் பிடியில் ஒரே ஒரு துத்தநாக அயனி. அதை எடுத்துவிட்டால் இத்தனை பெரிய மூலக்கூறும் வீண். இந்த நொதி உட்பட எந்தப் புரதத்தின் வடிவம் வெளியானாலும் அதன் மடிப்புகள் சாத்தியமானவையா என்று உலகெங்கும் சரிபார்ப்பது, 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன் குழு உருவாக்கிய வரைபடத்தை வைத்துத்தான்.

முத்துச்சிப்பிக்கும் இந்த நொதி வேண்டும். சிப்பியின் பளபளப்பான உள்ளோட்டில் 1996இல் ஜப்பானில் கண்டறியப்பட்ட நாக்ரீன் புரதத்தின் ஒரு பகுதி கார்பானிக் அன்ஹைட்ரேஸேதான். சிப்பி, பைகார்பனேட்டைக் கால்சியத்தோடு சேர்த்து ஓடாகவும் முத்தாகவும் படியவைக்கிறது. அந்த ஜப்பானிய ஆய்வுக்கு எடுத்தது பிங்க்டாடா ஃபுகாட்டா என்ற சிப்பியினம். மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பியும் அதுவே. 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் வளர்ப்பு முத்து எடுத்ததும் அதிலிருந்துதான்.