மறைத்தால் ஆபத்து

குழந்தைக்கு நீரிழிவு வந்தால் இன்சுலினோடு வேலை முடிவதில்லை. பள்ளிக்கூடத்துக்கும் பாட்டிக்கும்கூட விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

குழந்தைக்குச் சர்க்கரை நோய் என்று டாக்டர் சொன்னதும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி: "நாங்கள் என்ன தப்பு செய்தோம்?" ஒன்றும் செய்யவில்லை. இது மிட்டாய் தின்று வந்த நோயல்ல. உடலின் எதிர்ப்புச் சக்தியே தடம் மாறி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் வருவது. இரண்டாவது கேள்வி டாக்டர் முன்னால் எழுவதில்லை. வீட்டுக்குத் திரும்பிய பிறகு தணிந்த குரலில் எழுகிறது: "யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்ள முடியாதா?" பெண் குழந்தை என்றால் கல்யாணக் கவலையும் சேர்ந்துகொள்கிறது. சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021ஆம் ஆண்டுக் கணிப்புப்படி, இந்தியாவில் முதல் வகை நீரிழிவு உள்ள 20 வயதுக்குட்பட்டவர்கள் சுமார் 2.29 லட்சம். வேறெந்த நாட்டையும்விட அதிகம். இவர்களுக்கு இன்சுலின்தான் உயிர். 1922 ஜனவரியில் டொரன்டோ நகரில் லெனர்ட் தாம்ஸன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அந்த ஊசி போடப்படும் வரை, இந்த நோய் மரண தண்டனையாகவே இருந்தது. கஷாயத்தையும் பத்தியத்தையும் நம்பி ஊசியை நிறுத்தும் குடும்பங்கள் அந்தக் காலத்துக்கே திரும்பிப் போகின்றன. வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு என்று சீக்கிரமே நிலைமை முற்றிவிடும்.

கணையம் சத்தமில்லாமல் செய்துவந்த வேலையை இனி குடும்பம் செய்தாக வேண்டும். நாள் முழுக்கத் தாங்கும் இன்சுலின் ஒன்று, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன்னால் வேகமாக வேலை செய்யும் இன்சுலின் ஒன்று என்பதே இப்போது பரவலான முறை. எவ்வளவு ஊசி என்பதைத் தட்டு தீர்மானிக்கிறது. நடுத்தர அளவு இட்லி ஒன்றிலோ சிறிய சப்பாத்தி ஒன்றிலோ ஏறக்குறைய 15 கிராம் மாவுச்சத்து. இத்தனை கிராமுக்கு இத்தனை யூனிட் என்ற கணக்கை டாக்டர் வகுத்துத் தருகிறார். குழந்தை ஓடி விளையாடினால் சர்க்கரை இறங்கும். மாலையில் ஆடிய கிரிக்கெட்டின் விளைவு நடுராத்திரியில்கூடத் தெரியலாம். ஜுரம் வந்தாலோ, சாப்பிடாவிட்டாலும் ஏறும். ஆகவே ஜுர நாளில் இன்சுலினை நிறுத்துவது பெரிய தவறு. அன்று அடிக்கடி சோதிக்க வேண்டும், சிறுநீரில் கீட்டோன் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

எதற்கு இவ்வளவு பாடு? அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரிடம் நடந்து 1993ல் முடிந்த ஆய்வு பதில் சொன்னது. சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண் பாதிப்பு வரும் அபாயம் 76 சதவீதம் குறைந்தது. சிறுநீரகமும் நரம்புகளும்கூடத் தப்பின. பொதுவான இலக்கு டெசிலிட்டருக்கு 70 முதல் 180 மில்லிகிராம்.

பெற்றோரை அதிகம் பயமுறுத்துவது, அளவு 70க்குக் கீழே போவதுதான். வியர்வை, கை நடுக்கம், பசி, எரிச்சல், பேச்சில் குழப்பம். விஷயம் தெரியாத ஆசிரியர் கண்ணுக்கு இது சோம்பல் அல்லது அடம். குழந்தை மூலையில் நிறுத்தப்படலாம். விஷயம் தெரிந்த ஆசிரியர் உடனே க்ளூகோஸ் கொடுப்பார். பெரிய குழந்தைக்கு மூன்று டீஸ்பூன், சிறு குழந்தைக்கு அதைவிடக் குறைவு. 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. சாக்லெட்டும் லட்டும் இதற்கு உதவாது. அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, குளூக்ககான் ஊசி இருந்தால் போட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

சலுகைகளுக்குப் பஞ்சமில்லை. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதும் நீரிழிவு மாணவர்கள் சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணீர் முதலியவற்றைத் தேர்வறைக்குள் கொண்டுபோகலாம் என்று சி.பி.எஸ்.இ. 2017ல் அனுமதித்தது. வகுப்பில் சர்க்கரையைச் சோதிக்கவும் ஊசி போட்டுக்கொள்ளவும் இடைவேளைத் தீனி தின்னவும் அனுமதி தரும்படி தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023ல் மாநிலங்களுக்கு எழுதியது. ஆனால் பள்ளிக்கே தெரியாத நோய்க்குப் பள்ளி என்ன சலுகை தர முடியும்?

பணம் இன்னொரு தடை. விரலில் குத்தாமலே அளவு காட்டும் சென்சாரும், இன்சுலின் பம்ப்பும் பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாக் கனி. குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்பைக்கூட எண்ணி எண்ணிச் செலவழிக்கிறார்கள். வசதிக் குறைவை ஓரளவு சாமர்த்தியம் ஈடுகட்டுகிறது. ஃப்ரிஜ் இல்லாத வீட்டில், ஒரு மண்பானைக்குள் இன்னொன்றை வைத்து இடையில் ஈர மணலைக் கொட்டினால், கோடையிலும் இன்சுலின் ஓரளவு குளுமையாக இருக்கும். ஃப்ரிஜ் உள்ள வீட்டில் ஃப்ரீஸரில் மட்டும் வைக்கக் கூடாது. உறைந்த இன்சுலின் வீண்.

மறைப்பது பெரியவர்களோடு நிற்பதில்லை. மீட்டர் 280 காட்டினால் "என்னத்தைத் தின்றாய்?" என்று அதட்டும் வீட்டில், குழந்தை சீக்கிரமே பொய் எழுதக் கற்றுக்கொள்கிறது. நோட்டில் 140 என்று இருக்கும். டாக்டர் அதை நம்பி இன்சுலின் அளவை முடிவு செய்வார். மீட்டர் காட்டுவது பரீட்சை மார்க் அல்ல, அடுத்த ஊசிக்கான தகவல். ஒழுங்காக இருந்த நாளிலும் அது ஏறலாம், குறிப்பாகப் பருவ வயதில்.

வகுப்பு ஆசிரியரிடம் ஒரே ஒரு தாள் கொடுத்தால் போதும். குழந்தைக்கு என்ன நோய், சர்க்கரை இறங்கினால் எப்படித் தெரியும், க்ளூகோஸ் பையில் எந்த அறையில் இருக்கிறது, யாருக்குப் போன் செய்ய வேண்டும். அதன் நகல் ஒன்று பாட்டியிடமும் இருக்கட்டும்.