சம்பளம் பெறுவது குருவா, ஆசிரியரா?

புது தில்லி: அரசு உதவி பெறும் பள்ளியில் பாடம் நடத்தும் கத்தோலிக்கக் குருவானவருக்கு அரசு மாதந்தோறும் வழங்கும் சம்பளம் யாருடைய வருமானம்? வகுப்பில் நின்று கற்பித்த அவருடையதா அல்லது தம்மை முழுமையாக அவர் ஒப்படைத்துவிட்ட துறவற சபையினுடையதா?

வருமான வரித் துறைக்கும் திருச்சபைக்கும் இடையே ஏறத்தாழ பத்தாண்டுகள் நீடித்த இந்த வழக்கில் 2024 நவம்பர் 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு, மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் தாக்கல் செய்திருந்த 93 மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. சம்பளம் என வழங்கப்படும் தொகையில் வரிப் பிடித்தம் செய்தே தீர வேண்டும் என்பது அதன் முடிவு.

இந்தப் பிடித்தம் நெடுங்காலம் நடைமுறையில் இல்லை. மறைபணியாளர்கள் தாம் பெறும் தொகையைச் சபைக்கே ஒப்படைப்பதால் அதற்கு வரி வேண்டியதில்லை என்று ஆங்கிலேயர் ஆட்சியில், 1944இல் ஒரு சுற்றறிக்கை வெளியானது. 1977இல் மத்திய நேரடி வரிகள் வாரியமும் அதே வழியில் விளக்கம் அளித்தது. 2014 டிசம்பரில்தான் வரித் துறை நிலையை மாற்றிக்கொண்டது. தமிழகத்தின் துறவற சபைகள் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடின. 2016இல் தனி நீதிபதி அவற்றுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 2019 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. 2021இல் கேரள உயர் நீதிமன்றமும் வரித் துறையின் பக்கமே நின்றது. சீசருக்கு உரியதைச் சீசருக்குக் கொடுக்குமாறு இயேசு கூறியதை அந்த நீதிமன்றம் நினைவூட்டியது, திருச்சபையினருக்குச் சற்றுச் சங்கடமாகவே இருந்திருக்கும்.

சபைகளின் வாதத்தை வரிவிலக்குக்கான சாக்குப்போக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் ஆகிய மூன்று வார்த்தைப்பாடுகளை ஏற்பவர் உலகியல் உரிமைகளைப் பொறுத்தவரை இறந்தவராகிறார். இதையே சட்ட மொழியில் 'குடிமை மரணம்' என்கின்றனர். 1983ஆம் ஆண்டு திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 668ஆவது விதி, துறவி தமது உழைப்பால் ஈட்டுவதும், ஓய்வூதியமாகவோ உதவித்தொகையாகவோ பெறுவதும் சபைக்கே உரியவை என்கிறது. ஆகவே, அந்தப் பணம் துறவியின் வருமானமாவதற்கு முன்பே சபைக்குத் திரும்பிவிடுகிறது என்பது வாதம். இது நம் நாட்டுக்குப் புதிய கருத்தும் அன்று. சந்நியாசம் ஏற்றவருக்குக் குடும்பச் சொத்துடன் உள்ள தொடர்பு அறுந்துவிடுகிறது என்பதை இந்து சட்டமும் ஏற்கிறது.

நீதிமன்றங்கள் இதை வேறு கோணத்தில் பார்த்தன. அரசுக்கும் ஆசிரியருக்கும் இடையே உள்ளது பணி உறவு. சம்பளம் அவர் பெயரில் வழங்கப்படுகிறது. பெற்ற பின் அதை யாருக்குக் கொடுக்கிறார் என்பது செலவைப் பற்றிய கேள்வி. வருமானத்தைப் பற்றியது அல்ல. கோயில் பூசகர் ஒருவர் தமது சம்பளத்தை வைத்துக்கொள்ளாமல் பூஜைக்கே கொடுத்துவிடுவதாகக் கூறினாலும் வரி பிடிக்கத்தானே வேண்டும் என்று விசாரணையின்போது தலைமை நீதிபதி கேட்டார்.

ஆனால், வழக்கின் மையத்தில் இருந்தது உண்மையில் குருத்துவம்தானா? பொதுவிவாதத்தில் குருவும் துறவியும் ஒருவரே என்பதுபோலப் பேசப்பட்டது. திருச்சபையின் பார்வையில் இவை வெவ்வேறு. ஒருவரைக் குருவாக்குவது வார்த்தைப்பாடு அன்று. ஆயர் தலைமீது கைகளை வைத்து மன்றாடி வழங்கும் திருநிலைப்பாடு. அது அழியாத முத்திரையைப் பதிக்கிறது, பணியிலிருந்து நீக்கப்பட்டவரிடமும் அது நிலைத்திருக்கும் என்பது கத்தோலிக்க நம்பிக்கை. திருமுழுக்குப் பெற்ற அனைவருக்கும் பொதுக் குருத்துவம் உண்டென்றும், குருக்களின் பணிக் குருத்துவம் அதிலிருந்து அளவில் மட்டுமன்றித் தன்மையிலேயே வேறுபட்டது என்றும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் அறிவித்தது.

மறைமாவட்டக் குருக்கள் ஏழ்மை வார்த்தைப்பாடு எடுப்பதில்லை. எளிய வாழ்வு வாழுமாறு திருச்சபைச் சட்டம் அவர்களைக் கேட்டுக்கொண்டாலும், தகுந்த ஊதியம் பெறும் உரிமையையும் அதுவே தருகிறது. அவர்கள் சொத்து வைத்திருக்கலாம். இயேசு சபைக் குருவின் நிலை வேறு. அவர் குருவாக இருப்பதோடு துறவியாகவும் இருப்பதால் தமக்கென எதையும் ஈட்ட இயலாது. மறுபுறம், அதே ஏழ்மை வார்த்தைப்பாட்டை எடுக்கும் கன்னியருக்குக் குருத்துவமே இல்லை. பள்ளிகளில் கற்பிக்கும் துறவியருள் பெண்களின் பங்கு பெரிது. இருந்தும், 'பாதிரியார்கள் வழக்கு' என்றே பலர் இதைக் குறிப்பிட்டனர்.

குருத்துவத்தைத் தொடும் கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. வகுப்பறையில் கணக்குப் பாடம் நடத்தும்போது அவர் குருவா, ஆசிரியரா? இரண்டும்தான் என்கிறது திருச்சபை. குருக்களின் பணியும் வாழ்வும் குறித்து 1965 டிசம்பரில் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ஆணை, கற்பிப்பதையும் ஆய்வு செய்வதையும், மேலிட ஒப்புதலுடன் தொழிலாளருடன் சேர்ந்து உழைப்பதையும்கூட ஒரே குருத்துவப் பணியின் வடிவங்களாகவே ஏற்றது. அந்த இடத்துக்கு ரோம் எளிதில் வந்துவிடவில்லை. பிரான்சில் தொழிற்சாலைகளில் கூலி வேலை செய்த குருக்களுக்கு 1954இல் தடை போட்டதும் ரோம்தான். கூலி வாங்கினால் குருத்துவம் குறைந்துவிடுமோ என்ற அச்சம் திருச்சபைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

அரசால் அந்த முத்திரையைக் காண முடியாது, காணவும் கூடாது. ஒருவரது ஆன்மாவில் நிகழ்ந்த மாற்றத்தைக் கொண்டு வரி விதிப்பதும் விலக்குவதும் மதச்சார்பற்ற அரசின் வேலை அன்று. அந்த அளவில் தீர்ப்பு சரியே. எனினும், உச்ச நீதிமன்றத்தில் மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தத்தார் சுட்டிக்காட்டிய முரண் ஒன்று எஞ்சி நிற்கிறது. சாலை விபத்தில் இறந்த துறவியருக்காகக் குடும்பத்தினர் இழப்பீடு கோரியபோது, உலகத்தைப் பொறுத்தவரை இறந்துவிட்டவருக்காகக் குடும்பம் உரிமை கோர முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் முன்பு கூறியிருப்பதாக அவர் எடுத்துரைத்தார். பெற்றோருக்கு அவர் இறந்தவர். வரித் துறைக்கு அவர் உயிரோடிருக்கும் சம்பளக்காரர். பிடித்தம் போக மீதிச் சம்பளம், முன்போலவே, சபையின் பொதுக் கணக்குக்குப் போகிறது.