மொத்தமாக விற்பதா? பங்கு கேட்பதா?

கடந்த மாதம் என் சகோதரியின் மகன் மாவனல்லையிலிருந்து கடைக்கு வந்திருந்தார். வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். சின்ன மோட்டரில் இயங்கும் தேங்காய் திருவும் மெஷின் ஒன்றைச் செய்திருக்கிறார். சிரட்டை துண்டு விழாமல் திருவுகிறது. ஒரு கம்பனி அதைப் பார்த்துவிட்டு விலை பேசியிருக்கிறது.

"மாமா, அஞ்சு லட்சம் தாராங்களாம். எழுதிக் குடுத்துடவா?" என்று கேட்டார்.

உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நினைவுக்கு வந்தது ஒரு துப்பாக்கிக்காரரின் கதைதான். முப்பது வருட யுத்தத்தைப் பார்த்த நாட்டில், வியாபாரப் பக்கத்தில் துப்பாக்கியைப் பற்றி எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். நான் சொல்ல வருவது அவர் செய்த பொருளைப் பற்றியல்ல, அதை அவர் விற்ற விதத்தைப் பற்றி.

ஜோன் பிரவுனிங் 1855இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒக்டன் என்ற ஊரில் பிறந்தவர். தகப்பனும் துப்பாக்கி செய்பவர்தான். 1879இல் முதலாவது ஆக்கவுரிமைப் பத்திரத்தைப் பெற்றார். சகோதரர்களோடு சேர்ந்து சிறிய பட்டறையில் சில நூறு துப்பாக்கிகளைச் செய்து விற்றுக்கொண்டிருந்தபோது, 1883இல் வின்செஸ்டர் கம்பனியின் பெனட் என்பவர் ஒக்டனுக்கே தேடி வந்தார். 8,000 டொலருக்கு அந்த உரிமையை வாங்கிக்கொண்டு போனார். சின்ன ஊர்ப் பட்டறைக்காரருக்கு அந்தக் காலத்தில் அது பெரிய காசு.

அதன் பிறகு ஏறக்குறைய இருபது வருடங்கள் இதே முறைதான் நடந்தது. பிரவுனிங் மாதிரி செய்துகொண்டு போவார், கம்பனி ஒரே தொகை கொடுத்து வாங்கிக்கொள்ளும். இப்படி நாற்பதுக்கும் மேற்பட்ட வடிவங்களை விற்றார். அவற்றில் பலவற்றை வின்செஸ்டர் உற்பத்தி செய்யவே இல்லை. மற்றக் கம்பனிக்காரரின் கைக்குப் போகாமலிருந்தால் போதும் என்று வாங்கி வைத்துக்கொண்டது. உற்பத்தியானவற்றிலும் பொறிக்கப்பட்ட பெயர் வின்செஸ்டர்தான். துப்பாக்கி பிரபலமானது, செய்தவரின் பெயரைச் சந்தையில் யாருக்கும் தெரியாது.

பிறகு தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் வேட்டைத் துப்பாக்கி ஒன்றைச் செய்தார். இது நீண்ட காலம் ஓடும் சரக்கு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே இம்முறை மொத்த விலை வேண்டாம், விற்கும் ஒவ்வொன்றுக்கும் ரோயல்டி வேண்டும் என்றார். பெனட் மறுத்தார். மொத்தமாக வாங்குவதே கம்பனியின் வழக்கம். ஒருவருக்குப் பங்கு கொடுத்தால் நாளை எல்லோரும் கேட்பார்கள் அல்லவா! பிரவுனிங் மாதிரியை எடுத்துக்கொண்டு வெளியேறினார். 1902 ஜனவரியில் ரெமிங்டன் கம்பனித் தலைவரைச் சந்திக்கப் போய்க் காத்திருந்தார். அன்றைய தினமே அந்தத் தலைவர் மாரடைப்பால் இறந்துபோனார்.

வேறு யாராவது என்றால் திரும்பிப் போய் பெனட்டின் கதவைத் தட்டியிருப்பார்கள். பிரவுனிங் கப்பலேறி பெல்ஜியத்துக்குப் போனார். அங்குள்ள எஃப்.என். தொழிற்சாலையோடு அவருக்கு ஏற்கெனவே தொடர்பு இருந்தது. 1897இல் சைக்கிள் உற்பத்தி முறையைப் பார்த்துவர அமெரிக்காவுக்கு வந்த அந்தத் தொழிற்சாலையின் ஆள்தான், இவருடைய கைத்துப்பாக்கியைக் கண்டு ஊருக்கு அறிவித்தவர். அதை அவர்கள் செய்து விற்றுக்கொண்டிருந்தார்கள். இப்போது வேட்டைத் துப்பாக்கிக்கும் ரோயல்டி கொடுக்கச் சம்மதித்தார்கள். பிரவுனிங் தன் பங்குக்கு அமெரிக்காவில் விற்க 10,000 துப்பாக்கிகளுக்கு ஓடர் கொடுத்தார். தன் சரக்கில் தானே காசு போடுபவரை நம்பாமல் இருக்க முடியுமா?

கைத்துப்பாக்கியில்தான் அவர் பெயர் உலகம் முழுவதும் பரவியது. சுட்டவுடன் பின்னுக்குத் தள்ளும் விசையைக் கொண்டே வெற்றுத் தோட்டாவை வெளியே எறிந்து அடுத்ததை ஏற்றுவதுதான் அவரது யுக்தி. குழாயின் மேலுள்ள உறை வழுக்கிப் பின்னால் போய், ஸ்பிரிங் தள்ள முன்னுக்கு வரும். இன்று செய்யப்படும் பிஸ்டல்களில் மிகப் பெரும்பாலானவை இந்த அடிப்படையில்தான் இயங்குகின்றன. கொல்ட் கம்பனி செய்த அவரது பிஸ்டலை அமெரிக்க இராணுவம் 1911இல் ஏற்று 1985 வரை பிரதான கைத்துப்பாக்கியாக வைத்திருந்தது. எஃப்.என். பிஸ்டல்களில் அவர் பெயரே பொறிக்கப்பட்டதால், பிரெஞ்சு மொழியில் 'பிரவுனிங்' என்றாலே பிஸ்டல் என்றாகிவிட்டது.

பெயர் பொறிப்பதில் இன்னொரு பக்கமும் உண்டு. 1914 ஜூன் 28இல் சரயேவோவில் ஒஸ்திரிய இளவரசரையும் மனைவியையும் கொன்றது எஃப்.என். செய்த பிரவுனிங் பிஸ்டல்தான். அதிலிருந்து முதலாவது உலக யுத்தம் மூண்டது. அந்தக் கணக்கும் அதே பெயரில்தான் எழுதப்படுகிறது. நான் இரும்புச் சாமான் விற்பவன். கத்தி விற்கும்போதுகூட வாங்குபவரின் முகத்தை ஒரு தடவை பார்ப்பேன்.

1926 நவம்பரில் அந்தப் பெல்ஜியத் தொழிற்சாலையில், மகனின் அலுவலக அறையிலேயே அவர் காலமானார். வின்செஸ்டர் 1931இல் கடனில் மூழ்கி வேறு கைக்கு மாறியது. இன்று வின்செஸ்டர் பெயரிலான ரைபிள்களை, அந்தப் பெயருக்கு அனுமதி பெற்று விற்பது பிரவுனிங் கம்பனி. அந்தக் கம்பனியை 1977இல் எஃப்.என். வாங்கிக்கொண்டது.

இதையெல்லாம் மருமகனுக்குச் சொன்னேன். ஆனால் ஒன்றையும் மறைக்கவில்லை. பிரவுனிங் ரோயல்டி கேட்டபோது அவரிடம் இருபது வருட வெற்றி இருந்தது. மருமகனிடம் இருப்பது ஒரு மெஷினும் பட்டறைக் கடனும். முதலில் 8,000 டொலரை வாங்கியதும் அதே பிரவுனிங்தான். அந்தக் காசில்லாமல் அடுத்த மாதிரிகளைச் செய்திருப்பாரா என்பதும் யோசிக்க வேண்டியதே.

எதற்கும் முதலில் கொழும்பிலுள்ள தேசிய புலமைச்சொத்து அலுவலகத்துக்குப் போய் விண்ணப்பத்தைப் போடச் சொன்னேன். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டப்படி ஆக்கவுரிமை கிடைத்தால், விண்ணப்பித்த திகதியிலிருந்து 20 வருடங்களுக்குச் செல்லும். கையில் பத்திரமில்லாமல் பங்கு கேட்டால் கம்பனி சிரிக்கும்.

மருமகன் போனகிழமை கோல் எடுத்தார். விண்ணப்பம் போட்டுவிட்டாராம். இரண்டு லட்சம் முற்பணம், மெஷின் ஒன்றுக்கு நூற்றைம்பது ரூபா என்று கேட்டிருக்கிறார். கம்பனிக்காரர் இன்னும் பதில் சொல்லவில்லை.